வாலாட்டி விடைபெறும் வாரம்

சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லை ஒட்டி, ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. அதிலிருந்து வழியும் நீர் சிறு வாய்க்காலாகி, முட்டைக்கோஸ் பாத்தியின் ஓரமாக ஓடி, கீழேயுள்ள தேயிலைக்குள் மறைகிறது. செப்டம்பர் கடைசியில் ஏதாவது ஒரு காலையில் அந்த வாய்க்கால் கரையில் சாம்பல் வாலாட்டி வந்து இறங்கும். அன்று முதல் ஆறேழு மாதங்களுக்கு அந்த இடம் அதற்கே சொந்தம். முதுகு சாம்பல், வாலடி எலுமிச்சை மஞ்சள், வால் உடலுக்குப் பொருந்தாத நீளம். நின்றாலும் நடந்தாலும் அந்த வால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். குளிர்காலம் முழுவதும் வெண்மையாக இருக்கும் அதன் தொண்டையில் மார்ச் நடுவாக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரும்புள்ளிகள் தென்படத் தொடங்கும். மாதம் முடிவதற்குள் அவை ஒன்றோடொன்று சேர்ந்து, கரித்துண்டால் தீற்றியது போலத் தொண்டை கறுத்துவிடும். ஆண் பறவை இணைசேரும் பருவத்துக்காகப் பூணும் கோலம் அது. அந்தக் கருமையைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. ஏனெனில் இமயமலைக்கும் அதற்கு அப்பாலுள்ள குளிர்நாடுகளுக்கும் அது புறப்படும் நாள் நெருங்கிவிட்டது என்பதை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்வதில்லை.

கோத்தகிரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். சரிவில் அடுக்கடுக்காகத் தேயிலை, இடையிடையே சில்வர் ஓக் மரங்கள், ஊர் எல்லையில் மிச்சமிருக்கும் ஒரு சிறு சோலை, வீட்டைச் சுற்றிப் பத்துச் சென்ட் தோட்டம். தமிழ் மாதக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். பழைய இலக்கணம் குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் முன்பனியையும் மட்டுமே பெரும்பொழுதாக வகுத்து வைத்திருக்கிறது. மலைக்கென்று ஓர் இளவேனிலை அது தரவில்லை. இத்தனை ஆண்டுகள் இந்தத் தோட்டத்தோடு பழகிய பிறகு, மலைக்கும் இளவேனில் உண்டு என்றும், அது மாசியிலேயே தொடங்கிப் பங்குனியில் முற்றிச் சித்திரையின் கோடை மழையோடு முடிகிறது என்றும் உறுதியாகச் சொல்வேன். குளிர்நாடுகளில் வசந்தம் என்றால் பறவைகள் தொலைவிலிருந்து வந்து சேரும் காலம். முதல் தகைவிலானைக் கண்ட நாளை அங்குள்ளவர்கள் ஆவலோடு குறித்துக்கொள்கிறார்கள். இங்கே அது நேர்மாறாக நடக்கிறது. பூக்கள் நிறையும் அதே வாரங்களில் குளிர்கால விருந்தாளிகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன, ஊர்ப் பறவைகள் பாடவும் கூடு கட்டவும் தொடங்குகின்றன. அதனால் பூவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்த மலையின் வசந்தம் பாதிதான் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

பூவின் கதை பனியில் தொடங்குகிறது. டிசம்பரிலும் ஜனவரியிலும் வானம் துடைத்துவிட்டதைப் போலத் தெளிந்திருக்கும் இரவுகளில், கனத்த குளிர்காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கிவிடும். மேட்டிலிருக்கும் தோட்டங்களில் நீர்ப்பனியாகவே நின்றுவிடுவது, பள்ளத்துத் தோட்டங்களில் உறைபனியாகிப் புல்வெளியை உப்புத் தூவியது போல வெளுக்கச் செய்யும். வெயில் ஏறியதும் தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். தேயிலைக்காரர்கள் அஞ்சும் இந்தக் குளிர்தான் பீச் மரத்துக்கும் பிளம்ஸ் மரத்துக்கும் பேரிக்காய் மரத்துக்கும் வேண்டியிருக்கிறது. இலையுதிர்த்து உறங்கும் அந்த மரங்களின் மொட்டுகள், குறிப்பிட்ட மணி நேரம் குளிரில் கிடந்தால்தான் உறக்கம் கலையும். குளிர் போதாத ஆண்டில் பூ ஒழுங்கின்றி, கிளைக்கொரு காலமாக மலரும். 1819-ல் கோத்தகிரிக்கு அருகே திம்பட்டியில் வந்து தங்கிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், ஐரோப்பியக் காய்கறிகளையும் பழமரங்களையும் இந்த மண்ணில் நட்டுப் பார்த்தார். இங்குள்ள குளிர் அவற்றுக்குப் போதும் என்பது அப்போதுதான் தெரியவந்தது. அவர் இருந்த வீடு கன்னேரிமுக்கில் இன்றும் காட்சியகமாக நிற்கிறது. என் வீட்டுப் பீச் மரத்தின் அடியில் நிற்கும்போது அந்தப் பழைய வீட்டை நினைத்துக்கொள்வேன்.

ஜனவரி முடிந்து பிப்ரவரி பிறக்கும்போது, ஓர் இலைகூட இல்லாத அந்தக் கிளைகளில் பூ வெடிக்கிறது. பீச்சின் பூ இளஞ்சிவப்பு, பிளம்ஸின் பூ தூய வெள்ளை. முதலில் தேனீக்கள் வரும்; பத்து மணி வெயிலுக்குப் பிறகு மரத்தடியில் நின்றால் ஒரு மெல்லிய ரீங்காரம் மரம் முழுவதிலிருந்தும் கேட்கும். பிறகு வெள்ளைக்கண்ணிகள் வரும். இருபது, முப்பது எண்ணிக்கையில் ஒன்றாக வந்து விழும் இந்தச் சிறு பறவைகள் சிட்டுக்குருவியைவிடச் சிறியவை. மேனி மஞ்சள் கலந்த பச்சை, கண்ணைச் சுற்றி வெள்ளை மை தீட்டியது போன்ற வளையம். "ச்சீ, ச்சீ" என்று ஓயாமல் ஒன்றையொன்று அழைத்தபடி கிளைநுனியில் தலைகீழாகத் தொங்கி, ஒவ்வொரு பூவிலும் முகத்தைப் புதைத்து எடுக்கும். சென்ற பிப்ரவரியில் ஒரு வெள்ளைக்கண்ணி, ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொட்டுவிடும் தொலைவில் சற்று நேரம் அமர்ந்திருந்தது. அதன் நெற்றியில், அலகுக்கு மேலே, திருநீற்றுக் கீற்றுப் போல மகரந்தப் பொடி ஒட்டியிருந்தது. அலகைக் கிளையில் இரண்டு முறை தீட்டிவிட்டு, நெற்றியில் இருந்ததைத் துடைக்காமலேயே அடுத்த மரத்துக்குப் பறந்தது. மே மாதத்தில் அந்த மரத்தில் காய்த்ததெல்லாம் யாருடைய உழைப்பு என்ற கேள்வி எனக்கு அதன் பிறகு எழவில்லை.

இதே நாட்களில் சோலையோரம் காட்டுப் பூவரசு சிவந்து நிற்கும். ரோடோடென்ட்ரான் என்று பலரும் அறிந்த மரம் இது. கரடுமுரடான பட்டை, தோல் போன்ற இலை, கிளை நுனியில் கொத்துக்கொத்தாக இரத்தச் சிவப்புப் பூக்கள். தென்னிந்தியாவில் உயர்ந்த மலைகளின் சோலை ஓரங்களிலும் புல்வெளிகளிலும் மட்டுமே வளர்கிறது. இந்த மரத்தின் நெருங்கிய உறவு இங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், இமயமலைச் சரிவுகளில் இருக்கிறது. இனம் ஒன்றுதான், துணையினம் மட்டும் வேறு. நேபாளத்தின் தேசிய மலரும் அதுவே. இடையிலுள்ள சமவெளி முழுவதிலும் அது இல்லை. பூமி இன்னும் குளிர்ந்திருந்த பழங்காலத்தில் பரவிய குளிர்நிலத் தாவரங்கள், வெப்பம் ஏறியபோது மலையுச்சிகளில் ஒதுங்கித் தங்கிவிட்டன என்று அறிவியலாளர்கள் விளக்குகிறார்கள். என் வாய்க்கால் கரையில் வாலாட்டும் பறவை இந்த மலையின் சிவப்புப் பூவை விட்டுப் புறப்பட்டு, இமயத்தில் அதே பூவின் உறவுக்குக் கீழே போய் இறங்கும் என்று எண்ணும்போது, இந்த இரண்டு மலைகளும் எனக்கு ஒரே வீட்டின் இரண்டு அறைகளாகத் தோன்றுகின்றன.

காட்டுப் பூவரசின் தேனைத் தேடி வரும் நீலகிரி சிரிப்பான்கள் பிப்ரவரியில் என் வேலி வரை வந்துவிடும். பெயருக்கேற்பச் சிரிப்பொலிதான் அவற்றின் குரல். ஒன்று தொடங்கினால் புதருக்குள்ளிருந்து மற்றவை சேர்ந்துகொள்ளும், சரிவு முழுவதும் அந்த ஒலி உருண்டு போகும். செங்காவி நிற வயிறும், கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவமும் கொண்ட இந்தப் பறவை, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியிலும் அதை ஒட்டிய மலைகளிலும் அன்றி உலகில் வேறெங்கும் இல்லை. மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிரிப்பான்களுக்கு 2017-ல் மாண்டிசிங்க்ளா என்ற தனிப் பேரினமே வகுக்கப்பட்டது. அத்தகைய பறவை, காலை ஏழு மணிக்கு என் குப்பைக் குழியைக் கிளறிப் புழு பொறுக்குகிறது என்பதை வெளியூர் நண்பர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். வேலிக்கு வெளியே தவிட்டுப் பழச் செடிகளை வெட்டாமல் விட்டிருப்பது இவற்றுக்காகத்தான். கோடையில் அவை இளஞ்சிவப்பாகப் பூத்துப் பழுக்கும்போது, எங்களுக்கு ஒரு கைப்பிடி பழமாவது மிஞ்சினால் அதுவே பெரிது.

விடைபெறுதல்களில் பெரும்பாலானவை சத்தமின்றி நடக்கின்றன. மரக்கிளைகளில் குளிர்காலம் முழுவதும் "டிசீ" என்று ஒற்றைச் சொல்லாகக் கூவிக்கொண்டிருந்த இலைக் கதிர்க்குருவிகள், மார்ச்சில் சில நாட்கள் முழுப் பாட்டையே முணுமுணுக்கும். பிறகு ஒரு காலையில் மரம் அமைதியாகிவிடும். சோலையின் நிழலில் மட்டுமே வாழும் நீலச் சோலைச்சிட்டு எப்போது போனது என்பதை ஒரு முறைகூட நான் உடனே கவனித்ததில்லை. அது வாலைத் துடிக்கவிட்டபடி நடந்து திரிந்த இலைச்சருகில் சலசலப்பு இல்லை என்பது இரண்டு மூன்று நாள் கழித்தே மனத்தில் உறைக்கும். காஷ்மீர் ஈப்பிடிப்பான் இன்னும் அரிய விருந்தாளி. காஷ்மீரையும் அதைச் சுற்றியுள்ள மலைகளையும் மட்டுமே கூடுகட்டும் இடமாகக் கொண்டு, குளிர்காலத்தை இலங்கையின் மலைநாட்டிலும் நீலகிரி போன்ற சில இடங்களிலும் கழிக்கும் பறவை அது. கருங்கரை போட்ட செம்மஞ்சள் மார்புடன் ஓர் ஆண் பறவை இரண்டு குளிர்காலங்கள் எங்கள் பேரிக்காய் மரத்துக்கு வந்தது. பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் அதன் பெயரைப் பதிவு செய்தபோது என் கை நடுங்கியது உண்மை.

போவோரின் இடத்தை இருப்போர் எடுத்துக்கொள்வது தோட்டத்தின் நடுவே, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நடக்கிறது. கல்லடுக்கிய சுவரின் உச்சியில் கறுப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு ஏறி நின்று, தொண்டை புடைக்க விசில் அடித்துப் பாடும். அதன் பெட்டை அதே சுவரின் இடுக்குக்குள் காய்ந்த புல்லையும் நாய் மயிரையும் கொண்டுபோய் அடுக்கிக்கொண்டிருக்கும். அந்தியில் பேரிக்காய் மரத்திலிருந்து கரிய பூங்குருவி பாடத் தொடங்கும். நீண்டு, நிறுத்தி, யோசித்து யோசித்துப் பாடுவது போன்ற அந்தப் பாட்டுக்காக நான் மாலைத் தேநீரை வாசலுக்குக் கொண்டுவந்துவிடுவேன். பள்ளத்திலிருந்து குக்குறுவான் "குட்ரூ, குட்ரூ" என்று பொழுது முழுவதும் கூவுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மலையில் பிறந்த எவர் காதிலும் அது நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

ஆனால் இந்தத் தோட்டத்தின் உண்மையான உரிமையாளர் செம்மீசைச் சின்னான்தான். ஊரில் எல்லோரும் கொண்டைக்குருவி என்பார்கள். கூர்ந்து நிற்கும் கறுப்புக் கொண்டை, கன்னத்தில் குங்குமம் தொட்டு வைத்தது போன்ற சிவப்பு, அதன் கீழே வெள்ளை. பிப்ரவரியிலிருந்து மே வரை அவை என் துரந்தா வேலிக்குள்ளும் ஹைட்ரேஞ்சியா செடிக்குள்ளும் இடுப்பு உயரத்தில் கூடு கட்டும். மெல்லிய குச்சி, வேர், புல் ஆகியவற்றால் பின்னிய சிறு கிண்ணம். வெளிப்புறத்தில் மரப்பட்டையோ, காகிதத் துண்டோ, பாலித்தீன் கிழிசலோ ஒன்றிரண்டு செருகியிருக்கும். இரண்டு மூன்று முட்டைகள், வெளிர் இளஞ்சிவப்பில் செம்புள்ளிகள், அகன்ற முனையில் அவை நெருக்கமாக. பன்னிரண்டு நாட்களில் குஞ்சு பொரிக்கும், இன்னொரு பன்னிரண்டு நாட்களில் குஞ்சு கூட்டை விட்டுப் போய்விடும். ஏறக்குறைய இருபத்துநான்கு நாட்கள் நாம் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதும்.

அந்த இருபத்துநான்கு நாட்களை நான் ஒரு முறை கெடுத்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் வருகிறார்கள் என்பதற்காக, மார்ச் கடைசியில் வேலியை நேராக வெட்டி அழகுபடுத்தினேன். முட்டுக்கொடுத்த இலைகள் போனதும் உள்ளிருந்த கூடு வெட்டவெளியில் நின்றது. மூன்று குஞ்சுகள், கண்கூடத் திறக்காதவை, காற்றசைவுக்கெல்லாம் வாயைப் பிளந்தன. வெட்டிய கிளைகளை எடுத்துவந்து மேலே செருகிப் பார்த்தேன். தாய்ப்பறவை திரும்பியும் வந்தது. மறுநாள் காலை ஓர் அண்டங்காக்கை வேலிமேல் உட்கார்ந்திருந்தது, கூடு வெறுமையாக இருந்தது. சின்னான்கள் இரண்டும் அன்று மாலை வரை அந்த இடத்தைச் சுற்றிச்சுற்றி வந்து கத்தின. பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு அந்தப் புறத்தில் நின்று பார்த்துவிட்டு, "பூ விடற மாசத்துல வேலியில கத்தி வைக்கக் கூடாது கண்ணு, மழைக்கு முன்னால வெட்டிக்கலாம்" என்றார். கடிந்து சொல்லவில்லை, அதனாலேயே இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து மாசி பிறந்தால் கத்தரியைக் கொட்டகையில் பூட்டி வைத்து, ஜூன் முதல் வாரத்தில்தான் எடுக்கிறேன். வேலி பார்ப்பதற்குச் சடைபிடித்த தலை போல இருக்கிறது. அதைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை.

சின்னானிடம் எனக்கு ஒரே ஒரு வருத்தம் உண்டு. அது உன்னிச்செடியின் பழத்தை விரும்பித் தின்று, விதைகளைத் தேயிலை ஓரமெங்கும் விதைத்துவிடுகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை நான் குனிந்து பிடுங்கும் உன்னிக் கன்றுகள் அனைத்தும் அது நட்டவையே. அயல்நாட்டுச் செடிகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது என்பதை இந்தத் தோட்டம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த உன்னி சோலையின் ஓரத்தைத் தின்றுகொண்டே உள்ளே போகிறது. அதே கண்டத்திலிருந்து வந்த ஜகரண்டா சாலையோரத்தில் ஊதாவாகப் பூத்து உதிர்வதோடு நின்றுகொள்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து தேயிலைக்கு நிழல் தரக் கொண்டுவந்த சில்வர் ஓக், மார்ச் கடைசியில் பொன் சீப்புகளை அடுக்கியது போலப் பூக்கும்போது, அந்தத் தேனுக்காகத் தேன்சிட்டும் வெள்ளைக்கண்ணியும் பூக்கொத்தியும் மரத்தில் மொய்க்கின்றன. ஃபுக்ஷியாவின் தொங்கட்டான் பூக்களில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்தால், அந்தப் பூ இந்தப் பறவைக்கென்றே படைக்கப்பட்டது என்று சத்தியம் செய்யத் தோன்றும். தன் சொந்த மண்ணில் அது ஓசனிச்சிட்டு எனப்படும் ஹம்மிங் பறவைக்காகத் தேன் சுரந்த பூ. பூத்ததைப் பார்த்தல்ல, அதன் விதை எங்கே போகிறது என்பதைப் பார்த்தே நான் இப்போது ஒரு செடியை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்கிறேன்.

கோடை மழை பெரும்பாலும் ஏப்ரலில், பிற்பகலில், இடியோடு வரும். பீச் பிஞ்சுகள் அதற்குள் கட்டைவிரல் அளவுக்குத் திரண்டிருக்கும். காற்று பலமானால் கால்வாசி உதிர்ந்துவிடும். மழைக்கு மறுநாள் காலையில் சதுப்பில் காலா லில்லிகள் கழுவித் துடைத்த வெள்ளையோடு நிற்கும். இந்த ஆண்டு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அப்படியொரு மழை பெய்தது. அதற்கு முந்தைய நாள் மாலை வாலாட்டி வாய்க்கால் கரையில் இருந்தது. தொண்டை முழுதும் கறுத்து, மஞ்சள் இன்னும் அடர்ந்து, செப்டம்பரில் வந்த அந்த மெலிந்த பறவை இதுதானா என்று வியக்கும்படி கொழுத்திருந்தது. நெடும்பயணத்துக்கு முன் பறவைகள் உடலில் சேர்த்துக்கொள்ளும் கொழுப்பு அது. நான் தொட்டியைத் திறந்துவிட்டபோது இரண்டடி தள்ளி நின்றதே தவிரப் பறக்கவில்லை.

மழைக்குப் பிறகு அதைக் காணவில்லை. இரண்டு நாட்கள் காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் குறிப்பேட்டில் தேதியை எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது, கொட்டகையின் தகரக் கூரையடியிலிருந்து மலைத் தகைவிலான்கள் இரண்டு தாழப் பறந்து வந்தன. அவை எங்கும் போகாத தகைவிலான்கள். ஆண்டு முழுவதும் இந்த மலையிலேயே இருந்து, எங்கள் கூரைக்கடியில் மண்கிண்ணம் கட்டிக் குஞ்சு வளர்ப்பவை. மாசியில் கட்டிய கூடு ஒரு பக்கம் பெயர்ந்திருந்தது. வாலாட்டி ஆறு மாதங்கள் நடந்து நடந்து தடம் பதித்திருந்த அந்த வாய்க்கால் கரையில் இறங்கி, இறக்கையை மேலே தூக்கிப் பிடித்தபடி, ஈரச் சேற்றை அலகில் உருட்டி எடுத்துக்கொண்டு கூரைக்குத் திரும்பின.